வெனிஸிலிருந்து ரோம் போகிற வழியில் எங்கே இறங்கலாம்?

கேள்வி இதுதான்: அக்டோபர் நடுவில் கணவன், மனைவி, 68 வயது அம்மா மூவரும் வெனிஸிலிருந்து ரோமுக்கு ரயிலில் போகிறார்கள். ஒரு முழுப் பகல் கையில் இருக்கிறது. வழியில் படோவா, பொலோனியா, ஃபிளாரன்ஸ் மூன்றிலும் இறங்கிப் பார்த்துவிட்டு இரவுக்குள் ரோம் சேர முடியுமா? ஒரே டிக்கெட் போதுமா? பெட்டிகளை என்ன செய்வது?

முடியும். ஆனால் செய்யாதீர்கள். மூன்றில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். என் தேர்வு பொலோனியா.

ரயிலில் உட்காருகிற நேரத்தை மட்டும் கூட்டினால் உங்கள் கணக்கு சரியாகத்தான் வரும். வேக வண்டியில் வெனிஸிலிருந்து படோவா அரை மணி, அங்கிருந்து பொலோனியா ஒரு மணி, பொலோனியாவிலிருந்து ஃபிளாரன்ஸ் 40 நிமிடம், ஃபிளாரன்ஸிலிருந்து ரோம் ஒன்றரை மணி சொச்சம். எல்லாம் சேர்த்து நான்கு மணி நேரத்தை ஒட்டித்தான் ஆகிறது. காலை 8 மணிக்குக் கிளம்பி இரவு 8 மணிக்கு ரோம் என்றால் மிச்சம் எட்டு மணி நேரம். ஊருக்குக் கிட்டத்தட்ட இரண்டே முக்கால் மணி என்று தாராளமாகப் பங்கு பிரிக்கலாம் போலத் தோன்றும்.

நகைக்கடையில் சேதாரம் போடுவார்களே, அது இங்கேயும் உண்டு. வண்டியிலிருந்து இறங்கி, பெட்டி வைக்கும் இடத்தைத் தேடிப் பிடித்து, வரிசையில் நின்று, சீட்டு வாங்கிக்கொண்டு வெளியே வர அரை மணி. ஊர் நடுவுக்கு நடக்க 20 நிமிடம், திரும்பி வர அதே 20. பெட்டியை மீட்கக் கால் மணி. அடுத்த வண்டிக்குக் கால் மணி முன்னதாக நிற்க வேண்டும். ஆக ஒரு இறக்கத்துக்குச் சேதாரம் மட்டும் கிட்டத்தட்ட ஒன்றே முக்கால் மணி. உங்களுக்குக் கையில் நிற்பது ஒரு மணி நேரம். அதில் ஒரு காபி, அம்மாவுக்கு ஒரு கழிப்பறை. அப்புறம் ஊர் எங்கே பார்ப்பது? நானே முதல் தடவை இப்படி ஒரு நாளில் மூன்று ஊர் போட்டவன்தான். இரண்டாவது ஊரில் எனக்கு நினைவிருப்பது பெட்டி வரிசையில் எனக்கு முன்னால் நின்றவரின் முதுகு மட்டும்.

ஒரே ஊரில் ஐந்து மணி நேரம் நின்றாலும் சேதாரம் அதே ஒன்றே முக்கால்தான். மிச்சம் மூன்றே கால் மணி உங்களுடையது. அதனால் ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் புகழைப் பார்க்காதீர்கள். ஸ்டேஷனில் பெட்டி வைக்க இடம் உண்டா, ஸ்டேஷனிலிருந்து பார்க்கவேண்டிய இடம் எவ்வளவு தூரம், அம்மா அந்தத் தூரத்தை நடப்பாரா, இந்த மூன்றையும் பாருங்கள்.

டிக்கெட்டுக்கு வருவோம். நம் ஊரில் 500 கிலோமீட்டருக்கு மேல் டிக்கெட் எடுத்தால் பிரேக் ஜர்னி என்று நடுவில் இறங்கிக்கொள்ள ஒரு விதி உண்டு. அதை மனதில் வைத்துத்தான் ஒரே டிக்கெட் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். இத்தாலியின் வேக வண்டிகளில் அது கிடையாது. அரசு நிறுவனமான டிரெனிதாலியா ஓட்டும் ஃப்ரெச்சாரோஸ்ஸாவோ, 2012 முதல் ஓடும் தனியார் இத்தாலோவோ, எதுவானாலும் டிக்கெட் என்பது அந்த வண்டி, அந்த நேரம், அந்த இருக்கைக்கு மட்டும்தான். நடுவில் இறங்கினால் மீதி டிக்கெட் போச்சு. அதனால் இரண்டு தனி டிக்கெட்டுகளாகத்தான் வாங்க வேண்டும். தனித்தனியாக வாங்கினால் மொத்தம் கொஞ்சம் கூடுதலாக வரலாம். முன்கூட்டி எடுத்தால் பெரிய வித்தியாசம் இருக்காது.

இதில் ஒரு நெளிவு சுளிவு இருக்கிறது. இந்த இரண்டு டிக்கெட்டுகளையும் ஒரே மாதிரி வாங்கக்கூடாது.

முதல் கட்டத்துக்கு, அதாவது வெனிஸ்–பொலோனியாவுக்கு, ரெஜொனாலே வெலோச்சே என்கிற வண்டி இருக்கிறது. நம் பாசஞ்சருக்கும் எக்ஸ்பிரஸுக்கும் நடுவில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ரிசர்வேஷன் கிடையாது, கட்டணம் தூரத்தைப் பொறுத்தது, ஒரு மாதம் முன்னால் வாங்கினாலும் ஸ்டேஷனில் வாங்கினாலும் ஒரே விலை. வேக வண்டி ஒன்றரை மணி எடுக்கும் தூரத்துக்கு இது இரண்டு மணி எடுக்கும். அரை மணி நேர வித்தியாசத்துக்காகக் காலையில் பதறிக்கொண்டு ஓட வேண்டாம். வெனிஸில் இது முக்கியம், ஏனென்றால் அங்கே ஹோட்டலிலிருந்து ஸ்டேஷன் போவதே ஒரு பயணம். பாலம் ஒவ்வொன்றிலும் படிக்கட்டு. சக்கரப் பெட்டியை உருட்டிக்கொண்டு போய்விடலாம் என்று நினைத்தால் முதல் பாலத்திலேயே தூக்க வேண்டி வரும். சான் மார்கோ பக்கம் தங்கியிருந்தால் ஒன்றாம் நம்பர் படகில் ஸ்டேஷனுக்கு முக்கால் மணி நேரம் பிடிக்கும். ஒரு வண்டி தவறினால் அடுத்ததில் ஏறிக்கொள்ளலாம் என்கிற நிம்மதி அந்தக் காலையில் பெரிய விஷயம். தீவுக்கு வெளியே நிலப்பகுதியில் இருக்கும் மெஸ்த்ரேயில் தங்கியிருந்தால் தீவுக்குள் திரும்பப் போகவே வேண்டாம். அதே வண்டி பத்து நிமிடம் கழித்து அங்கே நிற்கும்.

இந்த வண்டிக்குக் காகித டிக்கெட் வாங்கினால் ஏறுவதற்கு முன் நடைமேடையில் இருக்கும் சின்ன இயந்திரத்தில் செருகி முத்திரை குத்திக்கொள்ள வேண்டும். கைப்பேசியில் வாங்கினால் செக்-இன் செய்ய வேண்டும். இரண்டையும் மறந்தால் டிக்கெட் இருந்தும் அபராதம். டி.டி.ஆர். வந்தபிறகு "ஊருக்குப் புதுசு சார்" என்று சொல்லிப் பயனில்லை. சொல்லிப் பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன்.

இரண்டாவது கட்டம், பொலோனியா–ரோம். இதற்கு வேக வண்டிதான். இரண்டு மணி சொச்சத்தில் கொண்டுபோய் விடும். மலிவு விலை டிக்கெட் எடுத்தால் நேரத்தை மாற்றுவது கஷ்டம் அல்லது முடியவே முடியாது. பாஸே என்கிற முழு விலை டிக்கெட்டில் மாற்றிக்கொள்ள வசதி உண்டு. நான் வழக்கமாக மலிவையே எடுத்து, ஊரில் நான்கரை ஐந்து மணி நேரம் வருகிறமாதிரி வைத்துக்கொள்வேன். தனித்தனி டிக்கெட் என்பதால் முதல் வண்டி தாமதமானாலும் இரண்டாவதற்கு யாரும் பொறுப்பேற்கமாட்டார்கள். ஐந்து மணி இடைவெளி இருந்தால் ஒரு மணி தாமதம்கூட உங்களை ஒன்றும் செய்யாது. ஐரோப்பிய ரயில்களில் பல நாள் போய்வருவதற்கான யூரெயில் பாஸ் வைத்திருந்தால் ரெஜொனாலே வண்டிகளில் நேராக ஏறிக்கொள்ளலாம், வேக வண்டிக்கு மட்டும் தனியாகப் பணம் கட்டி ரிசர்வ் செய்ய வேண்டும்.

சரி, ஏன் பொலோனியா?

முதலில் பெயர். ஆங்கில எழுத்தைப் பார்த்து பொலோக்னா என்று படிப்போம், அங்கே அப்படிச் சொன்னால் சிரிப்பார்கள். பெட்டி வைக்கும் இடம் ஸ்டேஷனிலேயே இருக்கிறது. தெப்போசித்தோ பகால்யி என்று எழுதியிருக்கும், நம் கிளாக் ரூம்தான். முதல் சில மணி நேரத்துக்கு ஒரு தொகை, அப்புறம் மணிக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள். பாஸ்போர்ட் கேட்டாலும் கேட்பார்கள், அதனால் அதைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடாதீர்கள்.

வெளியே வரும்போது பிரதான வாசல் பக்கம் சுவரில் ஒரு கடிகாரம் 10.25-இல் நின்றிருப்பதைப் பார்ப்பீர்கள். பழுதென்று நினைத்துவிட வேண்டாம். 1980 ஆகஸ்ட் 2 காலை அந்த நேரத்தில் இரண்டாம் வகுப்புக் காத்திருப்பு அறையில் குண்டு வெடித்து 85 பேர் இறந்தார்கள். அறையைத் திரும்பக் கட்டியபோது சுவரில் ஒரு பிளவை அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். பக்கத்தில் இறந்தவர்களின் பெயரும் வயதும் பொறித்த கல். கீழே பயணிகள் உட்கார்ந்து சாண்ட்விச் தின்றுகொண்டிருப்பார்கள். இரண்டு நிமிடம் நின்றுவிட்டுப் போங்கள்.

ஸ்டேஷனிலிருந்து இன்டிபெண்டென்ட்சா தெரு நேராக ஊர் நடுவுக்குப் போகிறது. 20 நிமிட நடை, சமதளம். வழி முழுக்கத் தூண் வைத்த நடை மண்டபம், செட்டிநாட்டு வீட்டுத் திண்ணையைத் தெரு நீளத்துக்கு இழுத்துவிட்ட மாதிரி. மழை பெய்தாலும் குடை வேண்டாம். இந்த மண்டபங்களை 2021-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி இருந்தால் வாசலிலேயே டாக்சி நிற்கும், பேருந்தும் உண்டு.

தெருவின் பாதியைத் தாண்டி இடதுபக்கம் ஒதுங்கினால் பியெல்லா தெரு வரும். அங்கே ஒரு சுவரில் சின்ன மர ஜன்னல். கதவைத் திறந்தால் பின்னால் கால்வாய் ஓடுகிறது, இரண்டு பக்கமும் வீடுகள், கொடியில் துணி. ஒரு காலத்தில் ஊர் முழுக்கக் கால்வாய்கள் ஓடின, பட்டு ஆலைகள் அதில்தான் இயங்கின. பெரும்பாலானதை மூடித் தெருவாக்கிவிட்டார்கள். இது மிச்சம். வெனிஸில் இரண்டு நாள் இருந்துவிட்டு வருபவர்களுக்கு இதுவா அதிசயம் என்று தோன்றலாம். வரிசை நீளமாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

பியாட்சா மஜ்ஜோரே சதுக்கத்தில் சான் பெத்ரோனியோ பேராலயம். 1390-இல் தொடங்கி இன்னும் முடிக்காத முகப்பு: கீழ்ப்பாதி வெள்ளையும் சிவப்புமாகப் பளிங்கு, மேல்பாதி வெறும் செங்கல். உள்ளே தரையில் சுமார் 67 மீட்டர் நீளத்துக்கு ஒரு பித்தளைக் கோடு பதித்திருக்கிறார்கள். 1655-இல் வானியலாளர் காசினி போட்டது. கூரையில் ஒரு சின்னத் துளை. அதன் வழியாக விழும் வெயில் தரையில் வட்டமாக ஊர்ந்து வந்து, சூரியன் உச்சிக்கு வரும் நொடியில் கோட்டைக் கடக்கும். உச்சி என்பது கடிகாரத்தின் 12 அல்ல. கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளிவைக்கும் கோடை நேரம் நடப்பதால் அக்டோபர் நடுவில் அது கிட்டத்தட்ட ஒரு மணிக்கு வரும். அந்த நேரத்தில் உணவு இடைவேளைக்குக் கோயிலை மூடும் பழக்கமும் இருப்பதால் அன்றைய நேரத்தை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். 12.30-க்குப் போனால்கூடப் போதும், வெயில் வட்டம் கோட்டை நோக்கி நகர்வது கண்ணுக்குத் தெரியும். அம்மா பெஞ்சில் உட்கார்ந்தே பார்க்கலாம்.

இரட்டைக் கோபுரங்கள் அங்கிருந்து ஐந்து நிமிடம். ஏறலாம் என்று பழைய கட்டுரைகளில் படித்திருப்பீர்கள். அதிகம் சாய்ந்திருக்கும் கரிசெந்தாவைச் சுற்றியுள்ள இடத்தை 2023 அக்டோபரில் மூடினார்கள், அப்புறம் தடுப்புப் போட்டுப் பழுதுபார்க்கிறார்கள், பக்கத்து உயரமான அசினெல்லியும் அத்தோடு மூடப்பட்டது. கீழே நின்று அண்ணாந்து பார்ப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாடு: அசைவம் என்றால் இந்த ஊருக்கு ஈடே இல்லை. சைவமென்றால் கவனம். தொர்தெல்லினி என்கிற, உள்ளே அடைத்த பாஸ்தாவுக்குள் பன்றி இறைச்சி, ரகூ என்றால் கொத்திய இறைச்சிக் குழம்பு. பியாதீனா என்கிற, சப்பாத்தி மாதிரியான ரொட்டி பார்க்கச் சைவம்தான், ஆனால் மாவில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது அங்கே வழக்கம். "சென்ட்சா ஸ்த்ருத்தோ?" என்று கேட்டால் கொழுப்பில்லாததா என்று சொல்வார்கள், ஆலிவ் எண்ணெயில் செய்ததும் கிடைக்கும். பூசணி அடைத்த தொர்தெல்லி இருந்தால் வாங்குங்கள், அம்மாவுக்குப் பிடிக்கும். கொஞ்சம் இனிப்பாக இருக்கும், பூரணக் கொழுக்கட்டையின் தூரத்து உறவு.

திரும்பும்போது ஒரு எச்சரிக்கை. ரோம் போகும் வேக வண்டிகளில் பெரும்பாலானவை பொலோனியாவில் 16 முதல் 19 வரையுள்ள நடைமேடைகளிலிருந்து கிளம்பும். அவை தரைக்குக் கீழே, பல அடுக்கு ஆழத்தில் இருக்கின்றன. எஸ்கலேட்டர் மாற்றி எஸ்கலேட்டராக, பெட்டியோடு இறங்கப் பத்து நிமிடமாவது ஆகும். மேலே நின்று பலகையில் நம்பர் வந்தபிறகு போகலாம் என்று இருந்தால் வண்டியின் வால்தான் தெரியும். டிக்கெட்டில் வேக வண்டி என்றிருந்தால் முன்னதாகவே கீழே போய்விடுங்கள்.

பலகை பற்றி: ஊர்ப்பெயரை நம்பாதீர்கள், வண்டி நம்பரைப் பாருங்கள். ரோம் போகும் உங்கள் வண்டி பலகையில் நாப்போலி அல்லது சலேர்னோ என்று கடைசி ஊர் பெயரில் இருக்கலாம். சுவரில் ஒட்டியிருக்கும் கால அட்டவணையில் மஞ்சள் தாள் புறப்பாடு, வெள்ளைத் தாள் வருகை. பினாரியோ என்றால் நடைமேடை, ரித்தார்தோ என்றால் தாமதம். ரோமில் தெர்மினி, திபுர்தினா என்று இரண்டு நிறுத்தம் வரும். ஹோட்டல் தெர்மினி பக்கம் என்றால் முதலில் வருவதில் அவசரப்பட்டு இறங்கிவிடாதீர்கள்.

இப்போது மற்ற இரண்டு ஊர்களும் ஏன் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். படோவாவை ஒரே ஒரு காரணத்துக்காகத் தேர்ந்தெடுக்கலாம், ஸ்க்ரோவெஞ்ஞி சிற்றாலயம். ஓவியர் ஜொத்தோ 1305 வாக்கில் முடித்த சுவரோவியங்கள், தலைக்கு மேலே கரு நீலக் கூரை முழுக்கத் தங்க நட்சத்திரம். அப்பா வட்டித்தொழிலில் சேர்த்த பாவத்துக்குப் பரிகாரமாக மகன் கட்டினார் என்பது காலங்காலமாகச் சொல்லப்படும் கதை. ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிட நடை. முன்பதிவு இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். முதலில் ஒரு கண்ணாடி அறையில் கால் மணி உட்காரவைத்து உள்ளே போகும் காற்றின் ஈரத்தைச் சமன் செய்வார்கள், அப்புறம் உள்ளே கால் மணி, அவ்வளவுதான். ஓவியத்தில் உண்மையான ஈடுபாடு இருந்தால் பொலோனியாவைத் தள்ளிவிட்டு இதை எடுங்கள். இல்லையென்றால் வெனிஸில் இருக்கும்போதே ஒரு அரை நாளில் பெட்டி இல்லாமல் போய்வரலாம்.

ஃபிளாரன்ஸ் ஸ்டேஷன் ஊருக்குள்ளேயே இருக்கிறது, பேராலயம் பத்து நிமிடம். இறங்க வசதியான ஊர்தான். ஆனால் ஐந்து மணி நேரத்தில் அந்த ஊரைப் பார்த்தால் பார்த்த திருப்தியும் வராது, பார்க்கவில்லை என்று விடவும் முடியாது. அதற்கென்று இரண்டு இரவு ஒதுக்கி இன்னொரு முறை வாருங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஓர்வியேத்தோ. ஃபிளாரன்ஸுக்கும் ரோமுக்கும் நடுவில் பழைய பாதையில் எரிமலைப் பாறை மேல் உட்கார்ந்திருக்கும் ஊர். ஸ்டேஷனுக்கு நேர் எதிரே பழனி விஞ்ச் மாதிரி ஒரு இழுவை ரயில், சில நிமிடத்தில் மேலே. இறங்கிய இடத்துக்குப் பக்கத்திலேயே புனித பாட்ரிக் கிணறு. 1527-இல் ரோம் சூறையாடப்பட்டபோது இங்கே தஞ்சம் புகுந்த போப் ஏழாம் கிளெமென்ட் வெட்டச் சொன்னது. ஐம்பது மீட்டருக்கு மேல் ஆழம், 248 படி, ஒன்றையொன்று தொடாமல் சுற்றிச் சுற்றி இறங்கும் இரண்டு வழிகள். தண்ணீர் சுமக்கும் கழுதைகள் ஒன்றில் இறங்கி மற்றதில் ஏறும். அற்புதமான ஊர். ஆனால் சின்ன ஸ்டேஷன், பெட்டி வைக்க இடம் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். ரோமில் தங்கிக்கொண்டு, ஒன்றேகால் மணி ரயிலில், கையை வீசிக்கொண்டு போய்வர வேண்டிய ஊர் இது.

வேறு பாதையில் போகும் நண்பர்கள் யாரும் கேட்டால்: மிலான்–வெனிஸ் வழியில் வெரோனா, ரோம்–நேப்பிள்ஸ் வழியில் கசெர்த்தா (அரண்மனை ஸ்டேஷனுக்கு எதிரிலேயே, செவ்வாய் விடுமுறை). பீசா கோபுரத்துக்கு மட்டும் என்றால் பீசா சென்ட்ராலேயில் இறங்கி அரை மணி நடப்பதைவிட சான் ரொஸ்ஸோரே என்கிற குட்டி ஸ்டேஷன் பக்கம், ஆனால் பெட்டி இருந்தால் சென்ட்ராலேதான்.

கடைசியாக, ஷோபெரோ என்ற சொல்லை நினைவில் வையுங்கள். வேலைநிறுத்தம். அங்கே முன்கூட்டியே தேதி அறிவித்துத்தான் செய்வார்கள், வெள்ளிக்கிழமைகளில் அதிகம். வார நாட்களில் காலை 6 முதல் 9, மாலை 6 முதல் 9 வரை உள்ளூர் வண்டிகள் கட்டாயம் ஓடியாக வேண்டும் என்பது விதி, அதனால் காலை 8 மணி வாக்கில் வெனிஸிலிருந்து கிளம்புவதில் பெரிய சிக்கல் இருக்காது. வேக வண்டிகளில் எவை உறுதியாக ஓடும் என்று தனிப் பட்டியல் போடுவார்கள். உங்கள் தேதி என்ன கிழமை என்று சொல்லவில்லையே? வெள்ளி என்றால் பொலோனியா–ரோம் டிக்கெட்டை மட்டும் மலிவில் எடுக்காமல், மாற்றிக்கொள்ளக்கூடிய பாஸே விலையில் எடுங்கள்.